நான் போனபோதெல்லாம் நின்றுபோன மிஷின்

ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்பது எவ்வளவு ஆபத்து என்று இந்த மையத்துக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டீர்கள். இனி டீ வரும்வரை யாரும் எழுந்து போக முடியாது.

நீங்கள் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுத வந்திருக்கிறீர்கள். ஒரு கருவி எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள், அதைச் சுற்றி என்னென்ன வழக்கங்களும் விதிகளும் சங்கங்களும் உண்டாயின, அதனால் அந்த ஊர் பிழைத்ததா இல்லையா என்று பார்ப்பது நம் வேலை. பேட்டி எடுப்பது, பதிவு செய்வது, அடிக்குறிப்பு போடுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒரு கருவியைத் தேடி ஏறக்குறைய இரண்டு வருடம் நான் அலைந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

என் ஆய்வு வழிகாட்டி ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார். "நேரில் போய்ப் பார்த்ததை மட்டும் எழுது. அடுத்தவர் சொன்னதை எழுதாதே." அவருக்கு பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. அதனால் அவர் வாழ்நாளில் நேரில் பார்த்தது பெரும்பாலும் நூலகத்து அலமாரிகளைத்தான். ஆனாலும் விதி என்னவோ நல்ல விதி என்று நம்பி, நான் பஸ் ஏறினேன். அந்த விதி என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

ஓய்வுபெற எனக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தபோது ஒரு வேலை வந்தது. மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் ஒரு சாலையில் கல் சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அந்தப் பட்டறைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். "முழுக்க முழுக்கக் கையால் செய்தது" என்ற முத்திரை தங்கள் சிலைகளுக்கு வேண்டும் என்று அவர்கள் விண்ணப்பிக்கப் போகிறார்கள். முத்திரை இருந்தால் வெளிநாட்டில் நல்ல விலை. விண்ணப்பத்தோடு, பல்லவர் காலத்திலிருந்து தொடங்கும் ஒரு வரலாற்று அறிக்கை இணைக்க வேண்டும். அதை எழுதித் தர நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. எழுதுகிறவள் நான்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்துப் போவேன். இறங்கிச் சாலையைக் கடந்தால் உளிச் சத்தம் மட்டும் டங் டங் என்று கேட்கும். கீற்றுக் கொட்டகை, முன்னால் கால் மடக்கி உட்கார்ந்து செதுக்கும் ஆட்கள், எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூசி. தகரக் கூரை வெள்ளை, வேப்பிலை வெள்ளை, படுத்திருக்கும் நாய்கூட வெள்ளை. சங்கத் தலைவர் இளநீர் வெட்டித் தருவார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை. அவருடைய பட்டறைதான் அங்கே பெரியது.

"மிஷின் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்பேன். கேட்க வேண்டிய கேள்வி அது.

"மிஷினா? இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க. எங்க பாட்டன் காலத்திலேர்ந்து உளியும் சுத்தியும் தான். வோணும்னா நீங்களே சுத்திப் பாருங்க."

சுற்றிப் பார்த்தேன். மிஷின் ஓடவில்லை. நானே நேரில் பார்த்தேன் அல்லவா, எழுதினேன்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் குறித்துக்கொண்டேன். அவற்றைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அதிகம் பேசுவதில்லை, கைஜாடையிலேயே முடித்துக்கொள்வார்கள். "கலைஞர்களுக்கே உரிய மௌனம்" என்று எழுதினேன். பேசினாலோ பக்கத்தில் நிற்பவரிடமும் உரக்கக் கத்துவார்கள். அதைக் கடற்காற்றின் கணக்கில் எழுதினேன். எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவர்கள் இதையெல்லாம் பார்க்காமல் போனது என் அதிர்ஷ்டம்.

முதல் வரைவு அச்சாகி வந்தது. அட்டையில் நான் எடுத்த படம். தலைவரின் பட்டறை வாசலில் ஒல்லியான ஒரு மனிதர் உளியோடு குனிந்து ஒரு பிள்ளையாரின் காதைச் செதுக்கிக்கொண்டிருப்பார். நான் போகும்போதெல்லாம் அவர்தான் முன்னால் உட்கார்ந்திருப்பார். அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து காலை நாஸ்தா நேரத்தில் என் தம்பி ஜாபரிடம் காட்டினேன். பஜாரில் அப்பா நடத்திய ஹார்டுவேர் கடையை அவன்தான் இப்போது நடத்துகிறான். அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நல்லா வந்து கீதுக்கா" என்றான். இன்னும் ஒரு இட்லியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான்.

வரைவு வெளியாகிச் சில வாரம் கழித்து நிறுவனத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் கன்னியம்மா. படாளம் பக்கம் பிறந்தவள், பெற்றோர் கழனிக்கூலி. இப்போது படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கும் வேலை. வேலை முடிந்து அப்படியே வந்திருந்தாள். கையில் என் அறிக்கை இருந்தது.

"மகாபலிபுரம் ரோட்ட பத்தி எழுதுனது நீங்க தானா மேடம்?"

நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையோடுதான். வாசகர் தேடி வருவது நம் தொழிலில் அடிக்கடி நடப்பதில்லை.

அவள் அட்டைப்படத்தின் மேல் விரலை வைத்தாள். "இவரு ஏழுமலை. எங்க வூட்டுக்காரு."

ஏழுமலைக்கு நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது. முதலில் டி.பி. என்று சொல்லி அதற்கான மாத்திரையைக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கவில்லை. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில்தான் தூசி என்று கண்டுபிடித்தார்கள். வருடக்கணக்காகக் கையில் பிடித்து ஓட்டும் அறுப்பு மிஷினோடு வேலை பார்த்ததால் வந்த நோய். தொழிலால் வந்தது என்று ஏற்றுக்கொண்டால் மருந்தும் மாதாமாதம் ஒரு தொகையும் கிடைக்கும். செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது. பட்டறையில் மிஷினே கிடையாது, உளியில் அவ்வளவு நைசான தூசி வராது, இது பீடியால் வந்த நோய் என்று தலைவர் பதில் கொடுத்துவிட்டார். ஆதாரம் என் அறிக்கை.

"இந்தப் போட்டோவ காட்டி தான் மேடம் அவரு மிஷினையே தொட்டதில்லன்னு சொல்றாங்கோ. இருமல் வந்து மிஷின் புடிக்க முடியாம போனப்புறம் தான் முன்னால குந்த வச்சாங்கோ. கார்ல வர்றவங்க பாக்கறதுக்கு. அந்தப் புள்ளையார் காத எவ்ளோ நாளா செதுக்கறாரு, நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். நான் போன ஒவ்வொரு முறையும் அதே பிள்ளையார், அதே காது.

"ஆனா நான் மிஷினை ஒருதடவைகூட பார்க்கலயேம்மா" என்றேன்.

"எப்டி பாப்பீங்க?" என்று அவள் ஆள்காட்டி விரலால் இல்லாத மூக்குக் கண்ணாடி ஒன்றை மேலே தள்ளிக் காட்டினாள். "நீங்க பஸ்ஸ வுட்டு எறங்கும்போதே மொத பட்டறைல இப்டி காட்டுவாங்கோ. கண்ணாடிக்காரம்மா வருதுன்னு அர்த்தம். அடுத்த பட்டறை, அதுக்கடுத்ததுன்னு போய்கினே இருக்கும். நீங்க ரோட்ட தாண்றதுக்குள்ள எல்லா மிஷினும் நின்னுடும். மிஷின் ஓடும்போது காது கேக்காதுல்ல, எல்லாத்துக்கும் ஜாடை தான்."

மற்ற ஜாடைகளையும் காட்டினாள். மீசையைத் தடவினால் தலைவர் வருகிறார். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. கையை உயர்த்தி முட்டியை மடக்கி, குழாயை மூடுவதுபோலத் திருப்பினால் மிஷினை நிறுத்து. வீட்டில் அவளும் ஏழுமலையும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். முன்பு அவருக்குக் காது மந்தம் என்பதால், இப்போது அவருக்குப் பேச மூச்சு இல்லை என்பதால்.

நான் எழுதிய கலைஞர் மௌனம் இதுதான்.

"கூட வேலை செஞ்சவங்க யாராவது வந்து சொல்ல மாட்டாங்களா?"

"முத்திரை கெடைக்கலன்னா ஆர்டர் போயிடும்னு பயப்படறாங்கோ. அவங்கள குத்தம் சொல்ல முடியாது மேடம். அவங்க வூட்லயும் அடுப்பு எரியணும்ல." எழுந்து நின்றாள். "நீங்களும் அப்டியே சொல்லிட்டீங்கன்னா எங்க வூட்டுக்காரு பொய்யராத் தான் சாவாரு. நோவு போவாதுன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். பொய் சொல்றாருன்னு சொல்றாங்க பாருங்க, அதத் தான் அவரால தாங்க முடியல."

இதற்குள் விசாரணைக்கு என்னையும் நிபுணராகக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது தலைவர் தரப்பு. எங்கள் நிறுவனத் தலைமையில் இருந்தவர் பண்பான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். என்னை உட்காரவைத்து காபி வரவழைத்தார்.

"நீங்க பொய் சொல்ல வேண்டாம். மிஷின் இல்லைன்னுகூட சொல்ல வேண்டாம். நான் போனப்ப பார்க்கலைன்னு சொன்னா போதும். பார்க்கலதானே?"

பார்க்கவில்லைதான். கவனியுங்கள், உங்கள் தொழிலில் நெருக்கடி என்பது பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வரும். யாரும் உங்களைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் உண்மைகளிலேயே மிகச் சின்னதை மட்டும் சொல்லச் சொல்வார்கள், காபியும் கொடுப்பார்கள்.

இன்னொரு பக்கம், கன்னியம்மா சொன்னதை நான் போய்ச் சொன்னால் அது அடுத்தவர் வாய்ச்சொல். அதிகாரி ஏற்க மாட்டார். என் வழிகாட்டியே ஏற்க மாட்டார். கன்னியம்மா வந்துபோனதை வீட்டில் சொன்னபோது ஜாபர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "போவாதேக்கா. பேஜாரு. அவங்க எல்லாரும் நமக்கு வேண்டியவங்க." அவன் ஏன் இதில் மூக்கை நுழைக்கிறான் என்று எரிச்சலாக வந்தது.

விசாரணை அறை சின்னது. ஒரு மேசை, பின்னால் அதிகாரி, நடுவயதுக்காரர், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பார். ஒரு பக்க பெஞ்சில் ஏழுமலையும் கன்னியம்மாவும். எதிர்ப்பக்கம் தலைவரும் நானும். ஆம், நான் அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டியிருந்தது. கதவோரம் தலைவர் கூட்டிவந்த ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள், மிஷின் கிடையாது என்று சொல்ல. அவர்களில் ஒருவன் வேலு, அந்தச் சாலையிலேயே கைராசிக்காரன் என்று தலைவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதிகாரி கேட்டார். "மிஷின் எதுவும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்படித்தானா?"

"ஆமா சார். உளி தான். மேடம் ரெண்டு வருஷமா வந்துகினு கீறாங்க, அவங்களையே கேளுங்க."

அப்போது கரென்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே, சுவரை ஒட்டி, அலுவலகத்து ஜெனரேட்டர் திடும் என்று ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மேசை அதிர்ந்தது. அதிகாரி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு குனிந்து எழுதத் தொடங்கினார்.

தலைவர் முகம் சுளித்தார். திரும்பிப் பார்க்காமலேயே வலது கையை உயர்த்தி, முட்டியை மடக்கி, குழாயை மூடுவதுபோலத் திருப்பினார்.

கதவோரம் நின்ற வேலு உடனே வெளியே போனான். அதைவிட நான் மறக்க முடியாதது இன்னொன்று. எதிர் பெஞ்சில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஏழுமலையின் மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல், அங்கே இல்லாத ஒரு சுவிட்சை அழுத்தியது. ஜாடை கடைக்கண்ணில் பட்டிருக்க வேண்டும், அவருக்கே தெரிந்திருக்காது. நோயாளி, எதிர்த்தரப்பு, வழக்குப் போட்டவர். ஆனாலும் முதலாளி நிறுத்து என்றால் விரல் நிறுத்தியது.

ஜெனரேட்டர் நின்றது. அறை அமைதியானது.

அதிகாரி நிமிர்ந்தார். "கரென்ட் வந்துடுச்சா?"

அவர் எதையும் பார்க்கவில்லை. ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கன்னியம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தலைவரின் ஆட்களைத் தவிரப் பார்த்தவள் நான் ஒருத்தி. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஓய்வுக்கு முன் என் கடைசி அறிக்கை, நிறுவனத்தின் நல்ல பெயர், அந்தச் சாலையில் அத்தனை பேருடைய ஆர்டர் எல்லாம் அப்போது என் கண்முன் வந்தன. பயமாகத்தான் இருந்தது. ஆனால் என் வழிகாட்டியின் விதிப்படி இதை நான் நேரில் பார்த்துவிட்டேனே.

"இல்லைங்க. தலைவர் நிறுத்தச் சொன்னார்" என்றேன்.

"எப்ப சொன்னாரு? எனக்குக் கேக்கலயே."

"எனக்கும் கேக்கலைங்க. நிறுத்தினவரையே கேட்டுப் பாருங்க."

வேலு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதிகாரி அவனைப் பார்த்தார்.

"யாருப்பா ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னது?"

"தலைவர் தான் சார் சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு?"

வேலு கையைத் தூக்கிக் காட்டினான். ஒளிவுமறைவே இல்லை. வேலை சொன்னார், செய்தான்.

"இது எங்க கத்துகிட்ட?"

"பட்டறைல தான் சார். மிஷின் ஓடும்போது இன்னா கத்தினாலும் கேக்காது சார், அதான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. தலைவர் தன் கையைப் பார்த்தார். அது இன்னும் முட்டி மடங்கியபடிதான் இருந்தது. மெதுவாக விரித்து மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்து வேலுவின் பெயரைக் கேட்டார்.

பிறகு என்னையும் கேட்டார். நான் போனபோதெல்லாம் மிஷின் ஏன் ஓடவில்லை என்பதைச் சொன்னேன். என்னை முட்டாளாக்கிய அந்தக் கண்ணாடி ஜாடையையும் விரலால் செய்து காட்டினேன். அதிகாரி அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

வெளியே படிக்கட்டில் தலைவர் என்னிடம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சாலைக்காரர்கள் யாரும் பேசி நான் கேட்காத அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"நானும் மிஷின் புடிச்சி தான் மேடம் மேல வந்தேன். அதே தூசி தான் எனக்குள்ளயும் கீது. எனக்கும் இருமல் வருது. நா எவன் மேல கேஸ் போடறது, சொல்லுங்க."

இந்த வேலையில் கெட்டவன் ஒருவன் தட்டுப்பட்டால் அத்தியாயம் சுலபமாக முடியும். எனக்கு அப்படி யாரும் அகப்படவில்லை.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். பல வாய்தாக்களுக்குப் பிறகு ஏழுமலையின் நோய் மிஷின் வேலையால் வந்தது என்று உத்தரவு வந்தது. கன்னியம்மா போனில் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் ஏழுமலை இருந்தார். "அவரு சிரிக்கறாரு மேடம்" என்றாள். அறிக்கையை என்னிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். அவர் பழைய அத்தியாயத்தை அப்படியே வைத்து அட்டைப்படத்தை மட்டும் மாற்றினார். முத்திரையும் கிடைத்துவிட்டது. ஆக, ஒரு அலுவலகத்துக் காகிதப்படி அந்தச் சாலையில் மிஷின் உண்டு, இன்னொரு அலுவலகத்துக் காகிதப்படி கிடையாது. இரண்டு காகிதத்தாலும் சிலருக்கு நன்மை. பொருளாதார வளர்ச்சி என்று நாம் பெரிய எழுத்தில் எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அந்தச் சாலைக்குப் போனேன். வேலுவுக்கு வேலை போயிருக்குமோ என்ற உறுத்தல். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் பட்டறையில் ஒருவர் விரலால் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிக் காட்டினார். அடுத்த பட்டறையில் நின்றவர் என்னைப் பார்த்தார், பரவாயில்லை விடு என்பதுபோலக் கையை அசைத்தார். எந்த மிஷினும் நிற்கவில்லை. சாலை முழுக்க அந்தச் சத்தம், முகத்தில் தூசி. எனக்கு ஒரு கௌரவம் செய்தார்கள் என்றால் அது அதுதான்.

வேலு தலைவரின் பட்டறையிலேயே இருந்தான். அவனைப்போல மிஷின் பிடிக்க ஆள் கிடைக்காதாம், எப்படி அனுப்புவார்கள். உத்தரவுக்குப் பிறகு வாங்கிய முகமூடிகள் பாதி முடிந்த ஒரு நந்தியின் கொம்பில் கொத்தாகத் தொங்கின. ஒன்று மட்டும் அவன் முகத்தில் இருந்தது. நான் ஏதோ கேட்டேன், கேட்கவில்லை. கத்தினேன், அப்போதும் கேட்கவில்லை. கையை உயர்த்தி, முட்டியை மடக்கித் திருப்பினேன்.

மிஷின் நின்றது. வேலு முகமூடியை இறக்கிச் சிரித்தான். "இன்னா மேடம், நீங்களும் கத்துகினீங்களா?"

ஆரம்பத்திலேயே கேட்க வேண்டிய கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன். "இந்த ரோட்டுக்கு முதல் மிஷின் எப்படிப்பா வந்துது?"

"ஏழுமலை அண்ணாத்த தான் மேடம் கொண்டாந்தாரு. உளி புடிச்சி புடிச்சி அவருக்கு கை மரத்துப் போயிட்டிருந்துச்சி. மிஷின் வந்த அன்னிக்கு பொட்டு வச்சி, பூ போட்டு, இங்க இருக்கற அத்தினி பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு. இனிமே கை நோவாதுன்னு. உங்க தம்பி கடைல தான் வாங்கினாரு. அவரு சொல்லலயா?"

மறுநாள் காலை ஜாபர் எதிரே உட்கார்ந்தேன். இட்லியை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஆமாக்கா. ஏழுமலை. நல்லா ஞாபகம் கீது. நா தான் பெட்டிய பிரிச்சி ஓட்டிக் காமிச்சேன். பஸ்ல மேல வெக்க மாட்டேன்னுட்டாரு. கொழந்தைய வச்சிக்கற மாதிரி மடில வச்சிகினு போனாரு."

"ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நீ எங்க கேட்ட? நீ கேட்டதெல்லாம் பல்லவர் காலம்."